குமாரமங்கலத்துப் பிரதமர்: ஒரு மதிப்பீடு

சிங்காநல்லூரில் என்னிடம் அரபியும் தமிழும் பயிலும் மாணாக்கருள் ஒருவர், கொங்கு நாட்டுத் தலைவர்கள் பற்றிய பேச்சுப் போட்டி ஒன்றிற்காக இரண்டு தாள்களில் குறிப்பெடுத்து வந்தார். இரண்டும் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனைப் பற்றியவை. முதல் தாளில் அவர் சீர்திருத்தச் செம்மல், சமூக நீதியின் காவலர், கறையற்ற அரசியலாளர். இரண்டாம் தாளில் அவர் வெள்ளையர் வைத்த பொம்மை, கட்சி மாறி, இந்தித் திணிப்பின் உடந்தையாளர். மாணாக்கர் இரண்டையும் என் முன் வைத்து, “ஹஜ்ரத், இதில் எதைப் பேசினால் பரிசு கிடைக்கும்?” என்று கேட்டார். “பரிசைப் பிறகு பார்ப்போம் தம்பி, எது உண்மை என்று முதலில் கேளுங்கள்” என்றேன். அவ்வாறு சொல்லிவிட்டேனேயன்றி, அக்கேள்விக்கு என்னிடமும் ஆயத்தமான விடை இல்லை. அதைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

சுப்பராயனைப் பிரதமர் என்று தலைப்பிட்டது ஏன் என இளைய வாசகர்கள் வியக்கலாம். சென்னை மாகாணத்தில் இரட்டையாட்சி நடந்த காலத்தில் அமைச்சரவைத் தலைவருக்கு முதல் மந்திரி என்று பெயர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் பொறுப்பேற்றவர்களைப் பிரதம மந்திரி என்றே வழங்கினர். 1950இல் குடியரசு அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபின் அச்சொல் தில்லிக்கு மட்டும் உரியதாயிற்று. ஆயினும் என் தந்தையார் போன்ற பழைய தலைமுறையினர் வாயில் சுப்பராயன் ‘பழைய பிரதமர்’ ஆகவே நிலைத்துவிட்டார். அவ்வழக்கை நானும் தொடர்கிறேன்.

மதரஸாவில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட கலைகளுள் ஒன்று, செய்தி அறிவித்தவரை எடைபோடும் கலை. ‘ஜர்ஹு வத் தஃதீல்’ என்பது அதன் பெயர். குறை கூறலும் நிறை கூறலும் என்று தமிழாக்கலாம். நபிமொழிகளை அறிவித்தோரின் தகுதியை ஆராய எழுந்த அக்கலையை அரசியலாளரின் வாழ்வுக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது. எனினும் அதன் மூன்று விதிகளை எந்த மனிதரை மதிப்பிடும் போதும் கைக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

முதலாவது, காரணம் கூறாத பழி ஏற்கப்படாது. நல்லவர் எனப் பெயர்பெற்ற ஒருவரைத் தீயவர் என்று சொல்பவர், எச்செயலால், எப்போது என்று விளக்கியாக வேண்டும். இரண்டாவது, சம காலத்துப் போட்டியாளர் ஒருவர்மேல் ஒருவர் சொல்லும் பழியை எளிதில் நம்பிவிடலாகாது. மூன்றாவது, ஒருவரின் நேர்மை வேறு, பிடிப்பு வேறு. நேர்மையை ‘அதாலத்’ என்றும், பெற்றதை நழுவவிடாது காக்கும் பிடிப்பை ‘ளப்த்’ என்றும் அறிஞர்கள் பிரித்தனர். நேர்மையாளர் ஒருவர் பிடிப்பில் தளர்ந்தவராக இருக்கலாம். அவரைப் பொய்யர் என்பதும் தவறு. அவர் சொன்ன அனைத்தையும் அப்படியே கொள்வதும் தவறு.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் தஹபி தம் ‘மீஸானுல் இஃதிதால்’ நூலில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். பிறரால் குறை கூறப்பட்டவர் நம்பத்தக்கவராயினும் அவரை அந்நூலில் சேர்த்து, அக்குறை பொருந்தாதது என்று எழுதி அவரைக் காப்பார். பழியை மறைத்து ஒருவரைக் காப்பது எளிது. பழியை எடுத்து வைத்துவிட்டு அவரைக் காப்பதே ஆய்வு. மாணாக்கரின் இரண்டு தாள்களில் முதலாவது பழியை மறைக்கிறது. இரண்டாவது காரணத்தை மறைக்கிறது.

இனி வாழ்வுக்கு வருவோம். சுப்பராயன் 1889 செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் அவருடைய குடும்பத்தினது. சென்னையில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டின் வாதம் கல்லூரிக்குச் சென்று மேல்நாட்டுக் கல்வியில் தேறித் திரும்பினார். 1920இல் புதிய சட்டசபை அமைந்தபோது நிலவுடைமையாளர் தொகுதியிலிருந்து அதனுள் நுழைந்தார். மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்காக உழைத்த குத்முல் ரங்கராவின் மகளார் ராதாபாயை அவர் மணந்தார். சாதியும் மொழியும் கடந்த திருமணம் அது. கொங்கு நாட்டு ஜமீன் குடும்பம் ஒன்றில் அந்நாளில் அஃது எளிய செயலன்று.

1926ஆம் ஆண்டுத் தேர்தலே அவரை அதிகாரத்தின் வாயிலில் நிறுத்தியது. அவையில் மொத்தம் 132 இடங்கள். தேர்தலால் வந்தவை 98, நியமனத்தால் வந்தவை 34. நீதிக்கட்சி 21 இடங்களோடு நின்றுவிட்டது. சுயராஜ்யக் கட்சி 41 இடங்கள் பெற்றுப் பெரிய கட்சியாயிற்று. ஆயினும் இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்னும் கொள்கையால் அமைச்சரவை அமைக்க மறுத்தது. ஆளுநர் கோஷன் பிரபு, எக்கட்சியையும் சாராதிருந்த சுப்பராயனை அழைத்தார். 1926 டிசம்பர் 4ஆம் நாள் அவர் பதவியேற்றார். அவருக்கெனத் திரண்ட கட்சி ஏதும் அவையில் இல்லை. நியமன உறுப்பினரின் துணையே அவருடைய தூணாயிற்று.

பொம்மை என்னும் பழிக்குக் காரணம் இதுவே. காரணம் கூறப்பட்ட பழி இது. ஆதலின் ஏற்று ஆராயத்தக்கது. மக்கள் வாக்கில் நில்லாமல் ஆளுநரின் நியமனத்தில் நிற்கும் அமைச்சரவை, ஆளுநரின் முகம் பார்த்தே நடக்கும் என்பது இயல்பு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவ்வவையின் நியமன இடம் ஒன்றில் வந்து அமர்ந்தவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் அவையின் துணைத் தலைவரும் ஆனார். கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்திற்கு எதிராக 1927இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அவை ஏற்றது. 1929இல் அப்பெண்களின் மானிய நிலங்களைக் கோவில் ஊழியத்தினின்று விடுவிக்கும் சட்டமும் வந்தது. வாசல் குறையுடையது என்பதால் அதன் வழி வந்தோர் அனைவரும் குறையுடையோர் ஆகிவிடார்.

1928இல் சோதனை வந்தது. இந்தியர் ஒருவரும் இடம்பெறாத சைமன் குழுவை நாடே புறக்கணித்தது. சென்னைச் சட்டசபையும் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. சுப்பராயன் அதற்கு உடன்படவில்லை. அவருடைய அமைச்சர்களான அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் மாறுபட்டுப் பதவி விலகினர். முதல்வர் விலகவில்லை. எதிர்வரிசையிலிருந்த நீதிக்கட்சி அவருக்குக் கைகொடுத்தது. சு. முத்தையா முதலியாரும் மு. இரா. சேதுரத்தினம் ஐயரும் புதிய அமைச்சர்களாயினர். நாட்டின் மானம் ஒரு பக்கமும் நாற்காலி மறு பக்கமும் நின்ற வேளையில் அவர் நாற்காலியின் பக்கம் நின்றார். இதற்கு மென்மையான சொல் தேட நான் விரும்பவில்லை. அவருடைய பிடிப்பின் முதற்பெரும் தளர்ச்சி இஃது.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் நடப்பதன்று. அந்தத் தளர்ச்சியின் விளைவாக அமைச்சரான முத்தையா முதலியாரே, அரசுப் பணி நியமனத்தில் வகுப்புவாரி உரிமை ஆணையை 1928இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். 1921 முதல் ஏட்டளவில் பேசப்பட்டு வந்ததை அவர் தம் பொறுப்பிலிருந்த பத்திரப்பதிவுத் துறையில் செயலாக்கினார். பன்னிரண்டு இடங்களைப் பங்கிடும் முறை அது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. பதவிக்காகச் செய்த சமரசம் ஒரு கதவை அடைத்தது. அதே சமரசம் மற்றொரு கதவைத் திறந்தது. இவ்வாணையின் பெருமை முதற்கண் முத்தையா முதலியாருடையது. அவரை அமைச்சராக்கித் தடையின்றிச் செயல்பட விட்ட பங்கு மட்டுமே சுப்பராயனுடையது. முதல் தாளை எழுதியவர் முழுப் பெருமையையும் தலைவருக்கே சூட்டியிருக்கிறார். அறிவிப்பாளர் தொடரில் நடுவிலுள்ள ஒருவரை விட்டுவிட்டால் அச்செய்தி அறுந்த செய்தியாகும். புகழ்ச்சிக்கும் இவ்விதி பொருந்தும்.

இதே எச்சரிக்கையோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நீலகிரியில் பைக்காரா மின் திட்டப் பணி 1929இல் தொடங்கியது. 1932இல் மின்சாரம் பிறந்தது. அம்மின்சாரமே கோவைப் பஞ்சாலைகளைப் பெருக்கியது. சிங்காநல்லூரில் குடியேறிய குடும்பங்களுள் எத்தனையோ அம்மின்சாரத்தால் பிழைத்தவை. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. கொங்கு நாட்டுப் பிரதமரின் காலத்தில் தொடங்கிய பணியாதலால் அதை அவர் கணக்கில் எழுத ஆசை எழுவது இயல்பே. எழுதக்கூடாது. இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி முதலிய துறைகளே அமைச்சர் வசம் விடப்பட்டன. காவல், நிதி, நீர்வளம் முதலியவை ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினரிடம் இருந்தன. பைக்காராவுக்கு வித்திட்டவர் அச்சபையின் உறுப்பினராயிருந்த சர் சி.பி. இராமசாமி ஐயர். சுப்பராயன் கணக்கில் எழுதத்தக்கது கல்வித்துறையில் உண்டு: 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் அவர் ஆட்சிக் காலத்தது. நம்மவர் என்பதற்காக உரிமையற்ற புகழைத் தருவது, பிறர் என்பதற்காக உரிய புகழை மறுப்பதற்கு ஒப்பான குற்றமே.

1930 அக்டோபரில் அவர் பதவி இழந்தார். என் கருத்தில், அவருடைய அரசியல் வாழ்வின் தூய பகுதி அதன் பிறகே தொடங்குகிறது. 1932இல் பதவி ஏதுமில்லாத உறுப்பினராக இருந்துகொண்டு, தாழ்த்தப்பட்டோர் கோவிலுக்குள் நுழையத் தடையாயிருந்த நிலையை நீக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். அதையொட்டி மசோதாவும் வகுத்தார். மாகாணச் சட்டமாக அதை எடுத்துக்கொள்ள அரசப் பிரதிநிதியின் அனுமதி வேண்டியிருந்தது. 1933 ஜனவரியில் அவ்வனுமதி மறுக்கப்பட்டது. மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு வழிவிடப்பட்டது. அதுவும் நிறைவேறாது போயிற்று. சுப்பராயனின் மசோதா தோற்றதென்றே சொல்ல வேண்டும். ஆனால் 1939இல் இராஜாஜி அரசு கோவில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தபோது அவர் அவ்வமைச்சரவையில் இருந்தார். 1947இல் ஓமந்தூரார் அரசு விரிவான கோவில் நுழைவுச் சட்டம் இயற்றியபோது அவ்வமைச்சரவையிலும் இருந்தார். எதிர்வரிசையில் நின்று நட்டதை அமைச்சர் வரிசையில் அமர்ந்து இருமுறை அறுவடை செய்த பேறு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ரங்கராவின் மருமகனார் இம்மசோதாவைக் கொண்டுவந்ததில் அவ்வீட்டின் பங்கு ஏதுமில்லை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இடையில் அவர் காங்கிரஸில் சேர்ந்தார். கட்சி மாறி என்னும் பழி இங்கே எழுகிறது. இப்பழியை நான் தள்ளுகிறேன். நிலவுடைமையாளர் தொகுதியிலிருந்து வந்தவர், ஆளுநரின் அழைப்பால் பதவி ஏற்றவர், பின்னர் தேசிய இயக்கத்தில் சேர்ந்தால் அதைத் திருந்துதல் என்றும் சொல்லலாம். கட்சி மாறும்போது மாறுபவர் எதை நோக்கிச் செல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். ஜமீன் ஒழிப்பை 1948இல் சட்டமாக்கியது ஓமந்தூரார் அரசு. ஜமீன்தாரான சுப்பராயன் அவ்வரசில் அமைச்சராக அமர்ந்தவர் என்பதை இப்பழி சொல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும் இப்பழியை முதலில் சொன்னோர் அக்காலத்துப் போட்டிக் கட்சியினர். அவர்கள் சொல்லை அப்படியே ஏற்க நம் இரண்டாம் விதி இடந்தராது.

தள்ள முடியாத பழி வேறொன்று உண்டு. 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் சுப்பராயனின் துறைகளாயின. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாய பாடமாக்கப்பட்டது. ஆணையின் மூளை இராஜாஜி; ஆனால் கையெழுத்துக்குரிய துறை சுப்பராயனுடையது. ஆயிரத்திற்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைக் கொடுமையில் நோயுற்று உயிர் நீத்தனர். தமிழ் முஸ்லிம்கள் அப்போராட்டத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. திருச்சியின் பி. கலீபுல்லா சட்டசபையில் எழுந்து, தாம் இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருதுவன்று, தமிழே என்றும் வெளிப்படையாகச் சொன்னார். முஸ்லிம் என்றால் இந்துஸ்தானியை வரவேற்பவர் என்று எண்ணியிருந்தோர்க்கு அது தக்க விடையாயிற்று. இராவுத்தர் வீட்டில் தமிழ் பேசி, மதரஸாவில் அரபி ஓதி வளர்ந்த எனக்கு அச்செய்தியைப் படிக்குந்தோறும் நெஞ்சம் நிமிரும்.

கல்வி அமைச்சர் அன்று என்ன செய்திருக்கலாம்? விலகியிருக்கலாம். 1928இல் அவருடைய அமைச்சர் இருவர் அவ்வழியை அவருக்கே காட்டியிருந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவர் அப்பாடத்தைக் கற்கவில்லை. முதற்முறை ஆளுநரின் நிழல். இரண்டாம் முறை இராஜாஜியின் நிழல். நிழல் மாறியதேயன்றி, நிழலில் நிற்கும் இயல்பு மாறவில்லை. 1940 பிப்ரவரியில் அவ்வாணையை நீக்கியது ஆளுநர் ஆட்சி என்பது இவ்வரலாற்றின் கசப்பான முடிவு.

இனிச் சொல்லப்போவது நம் வாசகர் சிலருக்கு உவப்பாக இராது. 1947இன் இறுதியில் ஓமந்தூரார் அரசு வகுப்புவாரிப் பங்கீட்டைத் திருத்தியது. பன்னிரண்டு, பதினான்கு ஆயிற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறிஸ்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பன்னிரண்டில் இரண்டு பெற்றிருந்த நம் சமுதாயம் பதினான்கில் ஒன்றைப் பெற்றது. முதற்பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது முதல்வராக இருந்த சுப்பராயன், இத்திருத்தத்தின்போது உள்துறை அமைச்சர். தந்த கையே பறித்தது என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

கணக்கைப் பார்ப்போம். அன்றைய சென்னை மாகாணத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர். பன்னிரண்டில் இரண்டு என்பது நூற்றுக்குப் பதினாறுக்கு மேல்; பதினான்கில் ஒன்று என்பது நூற்றுக்கு ஏழு. புதிய பங்கு நம் தொகைக்கு ஒத்தது. அத்திருத்தத்தால் தாழ்த்தப்பட்டோரின் பங்கு ஒன்றிலிருந்து இரண்டாயிற்று. பிற்பட்டோர்க்குத் தனியிடம் பிறந்தது. கல்வியில் பின்தங்கிய சிறுபான்மைக்குத் தொகையை மிஞ்சிய பங்கு தேவை என்று வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. நாட்டுப் பிரிவினையின் காயம் ஆறாத அவ்வாண்டில் இக்குறைப்பு நிகழ்ந்ததன் வேதனையும் எனக்குத் தெரியும். ஆயினும் இதைக் கொள்ளை என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. தனக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிச் சாட்சி சொல்பவன்தான் தராசைக் கூடுதல் கவனத்தோடு பிடிக்க வேண்டும். 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி ஆணையையே உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. அதன் விளைவாக அரசமைப்பின் முதல் திருத்தம் பிறந்தது. தமிழக முஸ்லிம்களுக்குப் பிற்பட்டோர் ஒதுக்கீட்டினுள் நூற்றுக்கு மூன்றரை என்னும் உள்ஒதுக்கீடு வர 2007ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சுப்பராயன் பின்னர் இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1949 டிசம்பரில் டச்சுக்காரர் அந்நாட்டின் முழு உரிமையை ஒப்புக்கொண்ட காலம் அது. திரும்பி வந்து மாநிலங்களவையில் அமர்ந்தார். 1955இல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் குழு அமைக்கப்பட்டபோது அவரும் உறுப்பினரானார். 1956இல் அறிக்கை எழுதப்பட்டது. குழுவின் பெரும்பான்மையோடு உடன்பட மறுத்து எதிர்க்குறிப்பு எழுதியோர் இருவர்: வங்க மொழியறிஞர் சுனீதிகுமார் சட்டர்ஜி ஒருவர், மற்றவர் சுப்பராயன். இந்தி பேசாத மக்கள்மேல் இந்தியை விரைந்து சுமத்தலாகாது, ஆங்கிலம் தொடர வேண்டும் என்பது அவர்தம் நிலை.

வாசக அன்பர்களே, ஈண்டுச் சற்று நில்லுங்கள். 1938இல் கட்டாய இந்திக்குத் துறையமைச்சர். 1956இல் இந்தி விரைவுக்கு எதிராகக் கையெழுத்திட்டவர். இரண்டாம் தாள் முதற்செய்தியோடு நின்றுவிட்டது. முதல் தாள் இரண்டாம் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டது. அறிவிப்பாளர் சிலர் முதுமையில் நினைவு கலங்கிப்போவதுண்டு. அதை ‘இக்திலாத்’ என்பர். அத்தகையோரை நம் அறிஞர்கள் ஒரேயடியாக ஏற்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. கலங்குமுன் அறிவித்ததை ஏற்பர். கலங்கியபின் அறிவித்ததை நிறுத்திவைப்பர். காலத்தைப் பிரித்துப் பார்ப்பதே நீதி. சுப்பராயன் வாழ்வில் அவ்வரிசை தலைகீழாக இருக்கக் காண்கிறேன். இளமையில் கலங்கல், முதுமையில் தெளிவு. 1959இல் இந்தி பேசாதோர்க்கு நேரு அளித்த உறுதிமொழியும் 1963இன் ஆட்சிமொழிச் சட்டமும் பல குரல்களின் விளைவு. அக்குரல்களுள் அறிக்கைக்குள்ளேயே எழுந்த அரிய குரல் இவருடையது.

1959 முதல் மத்திய அரசில் போக்குவரத்து அமைச்சராகவும், 1962 ஏப்ரல் முதல் மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்து, அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார். ஒரு காலத்தில் ஆளுநரின் அழைப்பை நம்பி அமைச்சரவை அமைத்தவர் ஆளுநராகவே கண்மூடினார்.

அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இம்மதிப்பீடு நிறைவுறாது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற இந்தியப் பெண்கள் இருவர். ஒருவர் பேகம் ஷாநவாஸ். மற்றவர் ராதாபாய் சுப்பராயன். மக்களுள் ஒருவர் இந்தியப் படையின் தலைமைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலமும் பார்வதியும் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தனர். தந்தையார் உள்துறை அமைச்சராயிருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் அரசு ஐயத்தோடு நோக்கிய இயக்கத்தில் உழைத்தனர். பார்வதி கிருஷ்ணன் எங்கள் கோவைத் தொகுதியில் 1957இல் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1974 இடைத்தேர்தலிலும் 1977இலும் மீண்டும் வென்றார். 2014இல் மறையும் வரை ஆலைத் தொழிலாளருக்கு அவர் தம் வீட்டுப் பெண்ணாகவே இருந்தார். ஆலையில் உழைத்த என் தந்தையார், “ஜமீன்தார் மகள், ஆனால் வாயில் கூட்டத்தில் நம்மோடு வெயிலில் நிற்கும்” என்று சொல்லுவார். தம் கருத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்தாத தந்தை ஒருவரின் வீட்டில்தான் இவ்வளவு வேறுபட்ட வழிகள் முளைக்க முடியும். அதிகாரத்தில் தளர்ந்த அவருடைய பிடிப்பு, வீட்டில் பெருந்தன்மையாக மலர்ந்தது போலும்.

முடிவாக என் எடை இது. நேர்மையில் அவர்மேல் நிலைநாட்டப்பட்ட பழி ஒன்றையும் நான் காணவில்லை. பிடிப்பில் இருமுறை, 1928இலும் 1938இலும், அவர் தளர்ந்தார். அவ்விருமுறையும் பதவியில் இருந்தார். துணிவில் இருமுறை, 1932இலும் 1956இலும், அவர் நிமிர்ந்தார். அவ்விருமுறையும் அமைச்சராக இல்லை. நாற்காலி அவரைக் குறைத்தது. தனிமை அவரை வளர்த்தது. எங்கள் கலையில் முழு நம்பிக்கைக்குரியவரை ‘ஸிகா’ என்போம். அதற்கு அடுத்த படியில், உண்மையாளர், ஆயினும் பிடிப்பில் சிறிது குறைந்தவர் என்பவரை ‘ஸதூக்’ என்போம். அத்தகையோரின் செய்தியை எழுதிக்கொண்டு, பிறர் சான்றோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். குமாரமங்கலத்துப் பிரதமருக்கு நான் வழங்கும் இடம் அந்த இரண்டாம் படியே.

மாணாக்கர் இம்முடிவைக் கேட்டுவிட்டு, “இதைப் பேசினால் இரு தரப்பாரும் கை தட்ட மாட்டார்களே, ஹஜ்ரத்” என்றார். உண்மைதான். அவர் தம் இரண்டு தாள்களையும் கிழிக்க முற்பட்டபோது தடுத்தேன். ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஆண்டையும், செயலையும், அச்செயலுக்கு உரியவர் பெயரையும் எழுதி வருமாறு சொல்லியனுப்பினேன். மறுவாரம் திரும்பி வந்தபோது இரண்டு தாள்களிலும் பாதி வரிகள் அவர் கையாலேயே அடிக்கப்பட்டிருந்தன. எஞ்சிய வரிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதினார். ஒரே தாளில் அடங்கிற்று. போட்டியில் அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. அத்தாளை நான் என்னிடம் வாங்கி வைத்திருக்கிறேன்.